ஒரு வார்த்தை விடாமல்

முதல் நாள் அதை எறும்பு என்றுதான் நினைத்தேன். நான் ஊரைப் பற்றியும் ரயிலில் வந்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் வலதுகை ஆள்காட்டி விரல், தொடைமேல் புடவையைத் தொட்டுக்கொண்டும் இழுத்துக்கொண்டும் ஓயாமல் அசைந்தது. ஏதோ ஊர்கிறது போலிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன்.

"எறும்பெல்லாம் இல்லடி" என்றாள். "நீ பேசுறத எழுதுறேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா என்ன சொல்றது? காதுல விழுகுது, கை எழுதுது. நீ பேசு."

தொண்ணூற்று நாலில் எனக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்துத் திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தேன். அலிப்பூரிலிருந்த அந்த அலுவலகத்தில்தான் அக்கா ஸ்டெனோவாக இருந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. வந்து பதினாறு வருஷமாகியிருந்தது. ஜாதவ்பூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் எடுத்துத் தனியாக இருந்தவள், நான் தங்க இடம் தேடுவதைக் கேள்விப்பட்டு, கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'திதி', வங்காளத்தில் அக்கா. தமிழில் அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான்.

ஆறு வருஷம் அவளோடு இருந்தேன். அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் கைப்பையின் மேல் எழுதும். கறிகாய்க்காரன் கூவினால் கதவு நிலையில் எழுதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போதும் தெருவில் யாராவது பேசிக்கொண்டு போனால் தலையணை உறையில் மெல்ல அசையும். பேச்சு தூரமாகப் போனதும் நிற்கும்.

வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சுருக்கெழுத்தில் எல்லாம் கோடுகள்தான். அழுத்திப் போட்டால் ஒரு எழுத்து, மெல்லிசாகப் போட்டால் இன்னொன்று. கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி, 'செய்தேன்' என்பதைச் 'செய்யவில்லை' என்று ஆக்கிவிடும். அக்காவின் நோட்டில் கொக்கி இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லை. துறை விசாரணை எது நடந்தாலும், வாக்குமூலம் எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள். "சொன்னது பறந்துரும்டி. அந்தச் செகண்டுல பிடிச்சாத்தான் உண்டு" என்பாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகமே மொட்டை மாடியில் இருக்கும். சீட்டாட்டம், டீ, அரசியல், கால்பந்து. ஒன்றரைக்குப் போனவர்கள் இரண்டேகாலுக்கு முன் இறங்க மாட்டார்கள். அக்கா தன் மேஜையை விட்டு எழுந்ததில்லை. இடது கையில் ஸ்பூன், டப்பாவில் தயிர்சாதம். வலது கையில் பென்சில்.

"பத்து நிமிஷம் மேல வாக்கா. காத்து வாங்கிட்டு வரலாம்."

"நீ போ. நான் வந்தேன்னா ஐயா கூப்பிடுவாரு."

ஐயா என்று அவள் சொன்ன எங்கள் அதிகாரி கூப்பிட மாட்டார். அவரும் மாடியில்தான் இருப்பார்.

ஊழியர்களின் விடுப்பு அட்டைகள் என் பொறுப்பில் இருந்தன. மற்றவர்களின் அட்டைகள் நிரம்பி, அடியில் தாள் ஒட்டித் தொங்கும். அக்காவினுடையதில் எண்பத்தொன்பது டிசம்பரில் அரை நாள் என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அம்மா இறந்தபோதுகூட அவள் ஊருக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. ரயிலேறினாலும் முகத்தைப் பார்க்க முடியாது, எடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொன்னாள்.

அவளோடு இருப்பது கஷ்டமாக இருந்ததென்று சொன்னால் பொய். எனக்குக் காமாலை வந்த மாதம் காலையும் மாலையும் அவள்தான் சமைத்தாள். என்றைக்கோ பேச்சுவாக்கில் எனக்குச் சுண்டைக்காய் வற்றல் பிடிக்கும் என்று சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. தமிழ்ச் சாமான் கிடைக்கும் லேக் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி வாங்கி, எண்ணெய் விடாமல் வறுத்துத் தட்டில் வைத்தாள். "போன மார்ச்சுல சொன்னே. 'எங்கம்மா வறுத்தா வாசம் தெருவுக்கே வரும்'னு." நான் சொன்னது அப்படியே இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. என் பேச்செல்லாம் எங்கோ பத்திரமாக அடுக்கப்பட்டிருக்கிறது என்ற பயம்.

அந்த அரை நாள் விஷயம் ஒரு குளிர்காலத்தில் தெரிந்தது. சந்தையில் கமலா ஆரஞ்சு வந்திருந்தது. ஒரு டஜன் வாங்கி வந்து, வாசல் வெயிலில் உட்கார்ந்து உரித்து, அவளுக்கு நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். உள்ள கொண்டு போய்த் தின்னு."

"ஏன்க்கா? நல்லா இனிக்குது."

உரித்த தோலைப் பொறுக்கிக் குவித்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கும் இதே மாதிரி வெயில்டி. அப்ப நான் லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்தேன். கூட இருந்தவளுக நாலு பேரு, மிருகக்காட்சிசாலைக்குப் போறோம், உன் ஆபீசுக்குப் பக்கந்தானே வான்னாளுக. மத்தியானத்துக்கு மேல லீவு போட்டுட்டுப் போனேன். புல்லுல உக்காந்து ஆரஞ்சு தின்னோம். நாலு மணி வரைக்கும் கை சும்மா மடியில கெடந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சுடி."

அதே மத்தியானம் அலுவலகத்தில் ஒரு பியூனின் விசாரணை இருந்திருக்கிறது. முந்தின மாதம் ஓர் அறையிலிருந்து தட்டச்சு இயந்திரம் காணாமல் போயிருந்தது. சாயங்காலம் அந்த அறையைப் பூட்ட வேண்டியவர் அவர். அக்கா இல்லாததால், அவர் வங்காளத்தில் சொன்ன வாக்குமூலத்தை வேறொரு ஸ்டெனோ இங்கிலீஷில் எழுதினான். 'நான் அறையைப் பூட்டவில்லை' என்று தட்டச்சாகி, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அந்த மனிதர் அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"மறுநாள் அவன் நோட்டை வாங்கிப் பாத்தேன். அந்தக் கொக்கி இருக்கான்னே தெரியல. பேப்பர்ல ஒரு நார் இருந்தாலும் அப்படித்தான் தெரியும். பூட்டினேன்னு அவரு சொல்லியிருந்தா? ஐயாகிட்டப் போய்ச் சொன்னேன். கையெழுத்து ஆயிருச்சு, நீ அங்க இல்லையேன்னாரு. மூணு மாசத்துல அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"அது எப்படிக்கா உன் தப்பாகும்?"

"தப்புன்னு நான் சொன்னேனா? நான் அங்க இல்ல. அவ்வளவுதான்."

ஆரஞ்சை நானும் தின்னவில்லை. மேல்மாடியில் வீட்டுக்காரரின் மனைவி இருந்தார். அவரை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், அண்ணி என்று அர்த்தம். அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எப்படியாவது ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. துர்கா பூஜையை அங்கே பூஜோ என்பார்கள்; அந்த நான்கு நாளும் ஊரே வேலையை மறந்து தெருவில் நிற்கும். அஷ்டமியன்று மத்தியானம் அவளுக்குப் புதுப் புடவை கட்டிவிட்டு, பந்தல் பார்க்கக் கூட்டிப் போனேன். முதல் பந்தலில் அம்மனைப் பார்த்தாள், கும்பிட்டாள், சிரித்தாள். அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கிருஷ்ணநகரிலிருந்து வந்த அறுபது வயது அம்மா, வெள்ளைப் புடவை, கூட்டத்தில் பிரிந்துவிட்டார், மகன் மேடைக்கு அருகே காத்திருக்கிறார். அக்காவின் விரல் அசைந்தது. அடுத்த அறிவிப்புக்கு அவள் கைப்பையிலிருந்து பென்சில் எடுத்துவிட்டாள். யாரோ கொடுத்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"வாக்கா, போலாம்."

"இருடி. இந்தக் கூட்டத்துல யாரு காதுல விழுகப் போகுது? ஒருத்தராவது குறிச்சு வச்சுக்கணும்ல."

இரண்டு மணி நேரம் அந்த ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நின்றோம். பதினான்கு பேர் தொலைந்திருந்தார்கள். நான் அவளுக்கு நிழலாக நின்று பார்த்தேன், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கோபித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பியும் வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள், "எல்லாரும் கெடைச்சிருப்பாங்கல்லடி?" கிடைத்திருப்பார்கள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூற்று ஒன்பது மழைக்காலத்தில்தான் அது முற்றியது. அதிகாரி ஒரு நீண்ட குறிப்பைச் சொல்லி எழுதச் செய்திருந்தார். மறுநாள் காலை தட்டச்சான தாள்களோடு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. நடுநடுவே, டீ கொண்டுவந்தவர் சர்க்கரை போடவா என்று கேட்டது இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் டாக்ஸியைக் கூப்பிட்டது இருந்தது. தொலைபேசியில் அவர் மனைவியிடம், மீன் வாங்க மறக்க மாட்டேன் என்று சொன்னதும் இருந்தது. எல்லாம் வரிசையாக, ஒரு காற்புள்ளி பிசகாமல்.

அவர் கோபப்படவில்லை. முகத்தில் பயம்தான் தெரிந்தது. "டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மாதம் வரவேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

அக்கா தன் மேஜையில் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். "எதை விடணும்னு தெரியலடி. எல்லாம் ஒரே மாதிரி கேக்குது" என்றாள்.

டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். உடம்பில் ஒன்றுமில்லை, மனசு களைத்துப் போயிருக்கிறது, முழு ஓய்வு வேண்டும் என்றார். அக்கா மிகவும் கவனமாகக் கேட்டாள்.

"ஓய்வுன்னா காலையில எந்திரிச்சதும் என்ன செய்யணும் டாக்டர்?" அவள் இங்கிலீஷில் கேட்டதை இப்படித்தான் என் மனம் வைத்திருக்கிறது.

"ஒன்றும் செய்ய வேண்டாம். நடக்கலாம். சிநேகிதர்களோடு பேசலாம். பாட்டுக் கேட்கலாம்."

"பாட்டுல வார்த்தை இருக்குமே."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அவள் மடியைப் பார்த்தார். அவர் சொன்னதை எல்லாம் விரல் எழுதிக்கொண்டிருந்தது. மாத்திரைச் சீட்டில் இன்னொரு வரி சேர்த்தார்.

வார்த்தை இல்லாத பாட்டு என்றதும், சாயங்காலங்களில் மாடியில் சிதார் போட்டுக் கேட்கும் பௌதி ஞாபகம் வந்தது. அவரிடமிருந்து ஒலிநாடா ஒன்றும் டேப் ரெக்கார்டரும் இரவல் வாங்கி வந்தேன். விடுப்பின் ஐந்தாம் நாள், சனிக்கிழமை மத்தியானம். அக்கா கட்டிலில் சாய்ந்து கேட்டாள். முதலில் விரல் ஏதோ தேடியது போல அசைந்தது. பிறகு தயங்கியது. பிறகு நின்றது. "இதுல பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். வெளியே மழை. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக விரிந்திருந்தன. அப்படி அந்தக் கையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாடாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். கதவு தட்டப்பட்டது. பௌதிதான். மாடியில் அவர்கள் வீட்டுத் தொலைபேசியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு என்றார். நானே போய் எடுத்தேன். அதிகாரியே பேசினார். "மன்னிக்க வேண்டும், விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்திருக்கிறோம். அவருடைய பழைய நோட்டு ஒன்றை இங்கே யாராலும் படிக்க முடியவில்லை. டெல்லிக்கு இன்றே அனுப்பியாக வேண்டும். அரை மணி நேரம்தான்."

"அவங்க தூங்குறாங்க சார். டாக்டர்..."

"அரை மணி நேரம்தான்" என்றார் மறுபடியும்.

நான் எழுப்பக்கூடாது என்று முடிவு செய்து இறங்கி வந்தேன். அக்கா புடவை மாற்றி, குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாடியில் நான் தொலைபேசியில் பேசியது அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"போகாதக்கா. அவங்க சமாளிச்சுக்குவாங்க."

"நான் இல்லைன்னா தப்பாப் படிப்பாங்கடி."

திங்கட்கிழமையிலிருந்து வழக்கம்போல வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒரு சாயங்காலம் எனக்குத் தாங்கவில்லை, கத்தினேன். நீ செத்தால்கூட அந்த ஆபீஸ் நடக்கும், உனக்கு ஏன் அது புரியவில்லை என்று. அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை மேஜைமேல் எழுதிக்கொண்டிருந்தது. நான் சொன்ன கொடுமையான வார்த்தையும் அதில் போய் விழுவதைப் பார்த்ததும் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பியூனைத் தேடிப் போகலாம் என்று தோன்றியது அதன்பிறகுதான். பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அவர் சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் நிறுத்துமிடம் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்துப் போனேன்.

தகரக் கூரையடியில் சைக்கிள்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தின் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். மதராஸி திதி எப்படி இருக்கிறார் என்று அவராகவே விசாரித்தார். நான் தெரிந்த வங்காளத்தில் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் வெட்கப்படுவது போலச் சிரித்தார். அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் ரயிலைப் பிடிக்க ஓடினேன், பூட்டுப் போடவில்லை என்றார். விசாரணையிலும் அதையேதான் சொன்னாராம். யார்மேலும் வருத்தமில்லை, இந்த இடம் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். மகளுக்குக் கல்யாணமாகி பக்கத்திலேயே இருக்கிறாளாம். டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் சொன்னேன், "அக்கா, அவரைப் பாத்துட்டு வர்றேன். அவரு நெஜமாவே பூட்டலையாம். அந்த ஸ்டெனோ சரியாத்தான் எழுதியிருக்கான்."

அக்கா அடுப்பை அணைத்தாள். வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அவரு சொன்னத அப்படியே சொல்லு. வங்காளத்துல."

"'தாலா தி இனி'ன்னாரு. பூட்டுப் போடலன்னு."

"அதுக்கு முன்னாடி 'போதோய்'னு சொன்னாரா?"

போதோய் என்றால் ஒருவேளை, இருக்கலாம் என்று அர்த்தம். வங்காளிகள் பாதி வாக்கியங்களை அந்த வார்த்தையில்தான் தொடங்குவார்கள். நான் யோசித்தேன். அவர் முகம் ஞாபகம் இருந்தது, சிரிப்பு ஞாபகம் இருந்தது, டீயின் ருசிகூட ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தை இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"இல்லன்னுதான் நெனைக்கிறேன்க்கா."

"நெனைக்கிற" என்றாள். கோபமில்லை. என் தலையைத் தடவிக் கொடுத்தாள். "எனக்காக அவ்வளவு தூரம் போயிருக்கியே."

அடுத்த ஞாயிறு அவளே போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. ஜாதவ்பூரின் எட்டு-பி பஸ் நிலையம் வரை வந்தாள். ஹவுரா பஸ் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி கீழேயே நின்றாள். கண்டக்டர் புறப்படச் சொல்லிப் பஸ்ஸை இரண்டு முறை தட்டினான். நான் இறங்கிக்கொண்டேன்.

"என்னக்கா?"

"அவரு பூட்டலன்னே வச்சுக்க. அப்ப நான் இத்தனை வருஷமா என்னடி பண்ணிட்டிருந்தேன்?"

பஸ் போய்விட்டது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்று பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

மறு வருஷம் ஜனவரியில் ஒரு காலை, பல் தேய்க்கும் பிரஷ் அவள் கையிலிருந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. விரல்கள் மடங்கிய வாக்கில் இறுகிவிட்டன. பத்து நாள் இடது கையால் எழுதப் பழகிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அண்ணன் மதுரையிலிருந்து வந்து, பெட்டி கட்டி, ஹவுராவில் ரயிலேற்றினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், அரைகுறையாக நின்ற வாக்குமூலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பிய பிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அண்ணன் வீட்டுத் தொலைபேசி எண் கிடைத்தது. ஜாதவ்பூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார். நல்லவர், குரலிலேயே தெரிந்தது.

"ராணி மாதிரி வச்சிருக்கோம்மா. ஒரு துரும்பை எடுத்துப் போட விடுறதில்ல. உக்காந்த எடத்துக்குச் சாப்பாடு. இருங்க, குடுக்குறேன்."

அக்கா வந்தாள். சாப்பிட்டியா, மழை பெய்யுதா, பௌதி எப்படி இருக்காங்க என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க எல்லாரும் என்னைச் சும்மா இரு, சும்மா இருன்னே சொல்றாங்கடி. ஒரு பாத்திரம் கழுவ விடமாட்டேங்குறாங்க. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. நீ ஒரு தப்பும் பண்ணல."

"சரியா விழுகல. திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"மெதுவாச் சொல்லுடி."

பூத்துக்கு வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். நான் அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.